அந்த ஏழு வாரக் கதை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் சுடர்விழி பத்தாவது புத்தகத்தையும் படித்து முடித்துவிட்டாள். முடித்த கையோடு பென்சிலை எடுத்து, பள்ளிக்கூடம் கொடுத்திருந்த தாளின் கடைசிக் கட்டத்தில் 'வேண்டாம்' என்று எழுதினாள்.

எழுதிவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை.

பெற்றோர் கூட்டத்தில், "நான் சின்னப் பிள்ளையிலேருந்து படிக்கிறவ" என்று பெருமையாக வாயை விட்டதன் பலன் இது. நூலகத்துக்குப் புதிதாக வாங்கிய புத்தகங்களில் எதைப் பத்து வயசுக்குத் தரலாம், எதைப் பதிமூன்றுக்குத் தரலாம், எதைத் தரவே கூடாது என்று பார்த்துச் சொல்ல மூன்று பெற்றோரைப் போட்டார்கள். பம்புசெட் கடை வைத்திருக்கும் ஐயாவு, கல்லூரியில் பாடம் நடத்தும் வளவன், மூன்றாவதாக இவள். ஒன்பது புத்தகங்களில் மூவருக்கும் தகராறு இல்லை. 'அமுதா சொன்னது' என்ற பத்தாவது புத்தகத்தில்தான் வண்டி நின்றுவிட்டது.

அமுதாவுக்குப் பன்னிரண்டு வயது. மாடியில் குடியிருக்கும் ஒரு மாமாவை அந்தத் தெருவுக்கே பிடிக்கும். அமுதா தனியாக இருக்கும்போது அவர் கை எங்கெங்கோ போகிறது. அதை அவள் தன் அம்மாவிடம் எப்படிச் சொன்னாள் என்பதுதான் கதை.

ஐயாவு கூடவே கூடாது என்றார். வளவன் இருக்கட்டும் என்றார். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக ரகளை. இதை வாங்கி வைத்த நூலகப் பெண் பிரின்ஸியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று நாலு பேர் எழுதியிருந்தார்கள். பிரின்ஸி போன ஜூனில்தான் சேர்ந்தவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

இன்று மூன்று மணிக்குக் கூட்டம். சுடர்விழி எந்தப் பக்கம் சொல்கிறாளோ அதுதான் முடிவு. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இதற்காகவே லீவு சொல்லியிருந்தாள். புருஷன் பரிதி மின்வாரிய வேலையாக நாகப்பட்டினத்தில் இருந்தான். "உனக்குச் சரின்னு படறதைச் செய்" என்று போனில் சொல்லித் தப்பித்துக்கொண்டான்.

"என்னம்மா எழுதியிருக்க?"

மகள் இளவெயினி பல்துலக்கும் பிரஷ்ஷோடு பின்னால் வந்து நின்றாள். ஏழாம் வகுப்பு. பன்னிரண்டு முடிந்து இரண்டு மாசம் ஆகிறது.

சுடர்விழி தாளைக் கவிழ்த்தாள். "உனக்கு எதுக்கு அது?"

"வேண்டாம்னுதானே எழுதின? பார்த்துட்டேன்."

"பெரியவங்க விஷயம் வெயினி. இது உன் வயசுக்கு உண்டான புத்தகம் இல்ல."

"நான் படிச்சுட்டேனே" என்றாள் மகள், சர்வ சாதாரணமாக. "டிசம்பர்லயே."

சுடர்விழிக்குச் சுரீரென்றது. "யாரைக் கேட்டுப் படிச்ச?"

"லைப்ரரி புத்தகத்தை யாரைக் கேக்கணும்?"

சுடர்விழி ஏதோ கடுமையாகச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"பெரியம்மா!" என்று கத்திக்கொண்டே வெயினி பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி ஓடினாள்.

கண்ணாத்தாள் முத்துப்பேட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்துப் பட்டுக்கோட்டையில் மாறி வந்திருந்தாள். ஒரு கையில் புது அரிசிச் சிப்பம். இன்னொரு கையில், வாழையிலையில் சுற்றி மூன்று பைக்குள் போட்டும் வாசனை அடங்காத கொடுவா மீன். சுடர்விழியைவிட ஏழு வயது மூத்தவள். நாற்பத்தெட்டு வயதிலும் நெல்மூட்டையைத் தனியாக நகர்த்திப் போடுகிற உடம்பு.

"அறுப்பு முடிஞ்சுதா அக்கா?"

"முடிஞ்சு, உளுந்து கொடி விட்டுருக்கு. கடைமடைக்கு இந்த வருஷம் தண்ணி தாராளம். சரி, மீன் மசமசன்னு ஆயிடும். அருவாமனையை எடு."

வந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, கொல்லைப்புறத்துத் துவைகல் பக்கத்தில் உட்கார்ந்து செதில் சீவ ஆரம்பித்துவிட்டாள். வெயினி அவள் பக்கத்திலேயே குந்தினாள். விட்ட சண்டையைத் தொடர ஒரு ஆள் கிடைத்துவிட்டது அவளுக்கு.

"பெரியம்மா, ஒரு புத்தகம் படிக்கலாமா கூடாதான்னு அம்மாதான் சொல்லப்போறாங்க. நான் படிச்சதையே படிக்கக் கூடாதுங்கறாங்க."

"படிச்சாச்சுன்னா என்ன பண்றது? வயித்தைக் கழுவியா எடுக்க முடியும்?" கண்ணாத்தாள் சிரித்தாள்.

"சிரிக்காதே அக்கா. நீயே சொல்லு இவளுக்கு" என்றாள் சுடர்விழி. "எனக்கு நீ எப்படிப் படிச்சுக் காட்டினே? எல்லாத்தையுமா படிச்சே?"

வெயினிக்கு இந்தக் கதை தெரியாது. சுடர்விழிக்குச் சொல்லச் சொல்ல அந்த நாட்களின் வெளிச்சமே முகத்தில் வந்து விழுந்தது.

அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அப்பா நல்லக்கண்ணுவும் அம்மாவும் பண்ணை வேலைக்குப் போவார்கள். அக்கா ஒன்பதாவதோடு நின்று, நடவு இல்லாத நாட்களில் ரைஸ்மில் களத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காலால் கோடு கோடாகக் கிளறிவிடுகிற வேலை. சாயங்காலம் வரும்போது அவள் பாவாடையில் புழுங்கல் வாசனை அடிக்கும். வெள்ளிக்கிழமை என்றால் இடுப்பில் ஒரு வாரப் பத்திரிகையும் இருக்கும். மில் ஆபீசில் வாங்கிப் படித்து முடித்த பழைய பத்திரிகை.

அதில் ஒரு தொடர்கதை. மைதிலி என்று ஒரு பெண். சொந்தக்காரர்கள் கைவிட்டு, ஊர் ஊராய் அலைந்து, யாருக்கும் அடங்காமல் வாழ்கிறவள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் அக்கா அதை வாய்விட்டுப் படிப்பாள். எங்கே நிறுத்தினால் தங்கை துடிப்பாள் என்று அவளுக்குத் தெரியும். அங்கே நிறுத்திவிட்டு, "செம்புல தண்ணி கொண்டா" என்பாள். சுடர்விழி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து, அக்கா அதை மெதுவாகக் குடித்து முடிக்கிற வரைக்கும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கதைப் பக்கங்களை மட்டும் பிரித்து எடுத்து, மில்லில் கிடைத்த கோணி ஊசியாலும் சணலாலும் அக்காவே தைத்து வைத்தாள். உரச்சாக்கை வெட்டி அட்டை போட்டாள். அந்தக் கட்டு இன்னும் சுடர்விழியின் பீரோவில் இருக்கிறது.

"அதுல இருபத்திரண்டாம் அத்தியாயத்துக்கு அடுத்தது முப்பது" என்றாள் மகளிடம். "நடுவுல ஏழு வாரம் கிடையாது. ஏன் தெரியுமா? சின்னப் பிள்ளை படிக்கக் கூடாத விஷயம் அதுல இருந்துச்சு. பெரியம்மா அதை மில்லுலயே படிச்சுட்டு அங்கயே வச்சுட்டு வந்துடுவாங்க. எனக்கு ஆகாததை விட்டுட்டு மீதியை வாயால சொல்லுவாங்க. நான் குறைஞ்சா போயிட்டேன்? அந்தக் கதையிலேயே அந்த ஏழு வாரம்தான் எனக்கு உசுரு."

"அப்படி என்ன வந்துச்சு அதுல?"

"மைதிலி படகுல போறப்ப புயல் வந்து, அலையாத்திக் காட்டுக்குள்ள ஒதுங்கிடுவா. நண்டு பிடிச்சுச் சுட்டுத் தின்னுவா. கோடியக்கரைக்கு வர்ற பறவையெல்லாம் அவ தலைக்கு மேலதான் போகும். ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பேரு வைப்பா. சேத்துல வேர் மேல வேரா நடந்து, ஒரு தீவுல குடிசை போட்டு, ஒருத்தரும் கிட்ட வர முடியாத இடத்துல..." சுடர்விழிக்குக் குரல் கனிந்தது. "எத்தனை லைப்ரரியில தேடியிருக்கேன் தெரியுமா அந்தக் கதையை? கிடைக்கவே இல்ல."

கொல்லையில் செதில் சீவுகிற சத்தம் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

கண்ணாத்தாள் கையை அலம்பிக்கொண்டு எழுந்தாள். "வெயினி, போய்க் குளி. சுடரு, அந்தப் புத்தகத்தைக் கொடு. பார்ப்போம்."

"நீ எதுக்கு அக்கா..."

"கொடுங்கறேன்ல."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொல்லை வாசல்படியில் உட்கார்ந்து, கண்ணாத்தாள் படிக்க ஆரம்பித்தாள். மீன் அரிகிற வேலை சுடர்விழி தலையில் விழுந்தது. குழம்பு கூட்டினாள். சோறு வடித்தாள். வழக்கமாக அடுப்படியில் யார் நின்றாலும் "புளி காணாது" என்று குரல் கொடுக்கிற அக்கா இன்று தலையைத் தூக்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும் விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டு மதில்மேல் காய்கிற துணியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் குனிந்து படித்தாள்.

பன்னிரண்டு மணி வாக்கில் புத்தகத்தை மூடினாள்.

"சுடரு, இங்க வந்து உட்காரு."

சுடர்விழி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஏழு வாரத்தை நான் எடுத்து ஒளிச்சு வைக்கல பாப்பா" என்றாள் கண்ணாத்தாள். "அந்த ஏழு வாரமும் பத்திரிகையே வரல."

"என்னக்கா சொல்றே?"

"மில் மேனேஜர் இருந்தாரே, ஞாபகம் இருக்கா? வெள்ளை வேட்டி. சத்தம் போட்டுப் பேச மாட்டார். களத்துப் பொம்பளைங்களை ஒரு வார்த்தை ஏசினது கிடையாது. நல்ல மனுசன்னு ஊரே சொல்லும். அவருதான் எனக்குப் பத்திரிகை கொடுத்துட்டிருந்தார். படிக்கிற பொண்ணு, படிக்கட்டும்னு எல்லாருக்கும் எதிரத்தான் சொல்லிக் கொடுப்பார். ஒரு வெள்ளிக்கிழமை, புக்கு உள்ள அலமாரியில இருக்கு, நீயே எடுத்துக்கன்னார். சாக்கு அடுக்கி வச்சிருந்த ரூம் அது. போனேன். பின்னாலயே வந்து கதவைச் சாத்திட்டார்."

சுடர்விழி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதறாதே. மணிக்கட்டைக் கடிச்சுட்டு ஓடியாந்துட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் அசையவே இல்ல நான். மரம் மாதிரி நின்னேன். அது ஏன்னு எனக்கே தெரியல. இதுல அந்தப் பிள்ளையும் அப்படித்தான் நிக்கிது, பார்த்தியா? நாப்பத்தோராம் பக்கத்துல." புத்தகத்தைத் தட்டினாள். "முப்பது வருசமா அந்தக் கொஞ்ச நேரத்துக்காக என் மேலயே எனக்குக் கோவம். எல்லாரும் அப்படித்தான் நிப்பாங்கன்னு இன்னிக்குத்தான் ஒருத்தர் எழுதிப் படிக்கிறேன்."

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா..."

"என்னன்னு சொல்றது? அதுக்கு ஒரு வார்த்தை இருக்கணும்ல வாயில? கால் வலின்னேன். களத்துக்குப் போக மாட்டேன்னேன். சோம்பேறின்னு அம்மா திட்டுச்சு. வெளக்குமாத்தால ரெண்டு அடியும் விழுந்துச்சு. மறுபடி களத்துக்குப் போனேன், ஆபீஸ் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கல."

சுடர்விழிக்கு ஞாபகம் இருந்தது. மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா. கூடவே இன்னொன்றும் இப்போது ஞாபகத்துக்கு வந்தது. அந்த வெள்ளிக்கிழமைகளில் அக்காவைப் பிடித்து உலுக்கியவளே அவள்தான். 'மைதிலிக்கு என்னாச்சு? போய் வாங்கிட்டு வா. போயேன் அக்கா.'

"நான் எவ்வளவு நச்சரிச்சேன் உன்னை..."

"நச்சரிச்சதோட விட்டியா? நீ போகலைன்னா நான் போறேன், மேனேஜர்கிட்ட நானே கேட்டு வாங்கியாரேன்னு பாவாடையைச் சொருகிட்டுக் கிளம்பிட்டே. தெருமுனை வரைக்கும் போயிட்டே." கண்ணாத்தாள் கண்ணாடியைக் கழற்றினாள். "ஓடியாந்து உன் சடையைப் பிடிச்சு இழுத்தேன். போகாதே, அதுல சின்னப் பிள்ளைக்கு ஆகாதது இருக்கு, நான் மில்லுலயே படிச்சுட்டேன், உனக்குச் சொல்றேன்னேன். அப்படி ஆரம்பிச்சதுதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன்னை வீட்டோட நிறுத்தி வைக்கணும்ல? அதுக்கு ஒரு கதை வேணும்ல? மைதிலியை எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு யோசிச்சேன். ஒருத்தனும் கிட்ட வர முடியாத இடமா இருக்கணும்னு தோணுச்சு. அலையாத்திக் காட்டுல வச்சேன்."

சுடர்விழி அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மீன் கவிச்சையும் பஸ் தூசியும் கலந்த அந்தச் சேலையிலிருந்து, இல்லாத புழுங்கல் வாசனை வந்தது. எத்தனை தடவை நினைத்து நினைத்து இனித்த கதை! குளிருக்குச் சுருண்டு படுத்து, அக்கா குரலைக் கேட்டபடியே பறவைகளை எண்ணிய நாட்கள். எல்லாம் அப்படியேதான் இருந்தன. ஆனால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியான பதினெட்டு வயதுப் பெண்ணை அவள் இன்றுதான் பார்க்கிறாள்.

"அப்புறம் முப்பதாம் அத்தியாயம் எப்படி வந்துச்சு?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அந்த ஆள் வேற மில்லுக்குப் போயிட்டான். வேதநாயகம்னு ஒரு வயசானவர் வந்தார். கேட்டுக்கு வெளியிலயே ஸ்டூல் போட்டு பத்திரிகையை அதுமேல வச்சுட்டுப் போயிடுவார். மகராசன்." கண்ணாத்தாள் அவள் தலையைக் கோதினாள். "கல்யாணம் ஆகி முத்துப்பேட்டைக்குப் போனப்புறம் அங்க லைப்ரரியில அந்தக் கதை புத்தகமாவே கிடைச்சுது. ஆசை ஆசையா அந்த ஏழு அத்தியாயத்தை எடுத்துப் படிச்சேன். முழுக்கக் கோர்ட்டு கேஸு. வக்கீல் எழுந்தார், வக்கீல் உட்கார்ந்தார். சப்புன்னு ஆயிடுச்சு. நான் சொன்னதே தேவலாம்."

அழுகையோடு அழுகையாகச் சுடர்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் சுடர்விழி மகளின் அறைக்குப் போனாள். வெயினி கோபமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"காலையில கேக்காம விட்டுட்டேன்" என்றாள் சுடர்விழி. "அந்தப் புத்தகத்துல உனக்கு எது பிடிச்சுது?"

வெயினி சந்தேகத்தோடு பார்த்தாள். திட்டு விழாது என்று தெரிந்ததும் பேனாவை வைத்தாள்.

"அமுதா அவங்க அம்மாகிட்ட சொல்ல வர்றப்ப அவங்க சமைச்சிட்டிருப்பாங்க. முதல்ல ரெண்டு தடவை சொல்ல வந்துட்டு, அம்மா பிஸியா இருக்காங்கன்னு திரும்பிப் போயிடுவா. மூணாவது தடவை, அவ முகத்தைப் பார்த்ததும் அவங்க அடுப்பை அணைச்சுட்டு உட்காருவாங்க. குழம்பு பாதியில நிக்கும். அந்த இடம்." கொஞ்சம் தயங்கினாள். "நீ அணைப்பியாம்மா?"

சுடர்விழி மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையில் லேப் அவசரம், சாயங்காலம் அடுப்பு அவசரம் என்று இந்தப் பிள்ளை எத்தனை தடவை அடுப்படி வாசலில் வந்து நின்றுவிட்டுத் திரும்பியிருக்கும்?

"அணைப்பேன்" என்றாள். "மறந்துட்டா நீயே அணைச்சுடு."

தாளை எடுத்து, பென்சில் எழுத்தை அழித்தாள்.

மூன்று மணிக்கு நூலகத்தில் கூட்டம். பிரின்ஸி எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டாள். ஒரு பதிவேட்டை மார்போடு அணைத்திருந்தாள். தலைமை ஆசிரியர் கேட்டதும் சுடர்விழி எழுந்தாள்.

"காலையில வேண்டாம்னுதான் எழுதினேன். இப்ப மாத்திட்டேன். பன்னிரண்டு வயசுலேருந்து கொடுக்கலாம். பூட்டி வைக்காம எல்லாப் புத்தகத்தோடயும் சேர்த்தே வைங்க. கேட்டு வாங்கணும்னு வச்சா வேண்டிய பிள்ளை கேக்காது. அதோட, பிள்ளைங்க படிக்கிறதுக்கு முன்னாடி நாங்க பெத்தவங்க ஒரு தடவை படிக்கணும். நானே கடைசி நாள்லதான் படிச்சேன்."

"நீங்களும் பொண்ணு வச்சிருக்கீங்க மேடம்" என்றார் ஐயாவு. குரல் கம்மியிருந்தது.

"அதனாலதாங்க சொல்றேன்."

என்ன நடந்தது, யாருக்கு நடந்தது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. அது அக்காவினுடையது. வளவன் தலையசைத்தார். தலைமை ஆசிரியர் எழுதிக்கொண்டார். பிரின்ஸி அந்தப் பதிவேட்டை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலியாகாத பாட்டில்களைக்கூட எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

எல்லோரும் கலைந்தார்கள். ஐயாவு மட்டும் வராண்டாவில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சுடர்விழி வெளியே வந்ததும் பக்கத்தில் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தாள்.

"மேடம், அந்தப் புத்தகம் ஒரு நாளைக்கு எனக்குக் கிடைக்குங்களா?"

"உங்களுக்கா?"

"நான் முழுசாப் படிக்கலைங்க. நாலு பக்கம் படிச்சேன், அதுக்கு மேல முடியல. வச்சுட்டேன்." ஹெல்மெட்டின் பட்டையை முறுக்கிக்கொண்டே பேசினார். "எங்க கலைமகள் எட்டாவது படிக்குது. வீட்டுல வாயைத் தொறக்கறதே இல்லைங்க. அது தலகாணிக்கு அடியிலதான் இதைப் பார்த்தேன். இந்தப் புத்தகத்தைப் படிச்சுத்தான் பிள்ளை இப்படி ஆயிடுச்சுன்னு நினைச்சேன். அதான் கூடாதுன்னு சொன்னேன். வேற பகை ஒண்ணும் இல்லைங்க."

"புத்தகத்தை எப்ப எடுத்துட்டு வந்தா?"

"பொங்கல் லீவு முடிஞ்சு."

"பேசாம ஆனது?"

ஐயாவு யோசித்தார். "மார்கழி பாதியிலயே அப்படித்தான் இருந்துச்சு..." சொல்லிவிட்டு அவரே நின்றார்.

மத்தியானம் அக்காவிடம் கேட்டதெல்லாம் சுடர்விழிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நின்றது. எப்படிக் கேட்பது என்று அவள் யோசிக்கவில்லை. அடுத்த கேள்வி தானாக வந்தது.

"அந்தச் சமயத்துல எங்கயாவது போறதை நிறுத்தினாளா? வழக்கமாப் போற இடம் ஏதாவது?"

"கீபோர்டு கிளாஸ் போயிட்டிருந்துச்சு. ஆசையாத்தான் போகும். திடீர்னு தலைவலிங்கும், மாட்டேங்கும். சோம்பேறின்னு நான் திட்டினேன். ஒருநாள் அடிச்சுக்கூட..."

பெரிய ஆள், மூன்று குதிரைத்திறன் மோட்டாரை ஒற்றைக் கையால் தூக்கி வைக்கிறவர், வராண்டாப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மேடம்..."

"உட்கார்ந்திருங்க. இப்ப அவ எங்க?"

"கூடத்தான் கூட்டியாந்தேன். கேட்டுக்கிட்ட உட்கார்ந்திருக்கு."

வாசல் கேட்டருகே புங்கமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான உடம்பு. வெயில் காலில் பட்டுக்கொண்டிருந்தது. அவள் காலை நகர்த்திக்கொள்ளவில்லை.

சுடர்விழிக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது. ஆனால் போகவில்லை. அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை இவள் புத்தகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வந்த மேடம். போனை எடுத்தாள்.

"அக்கா, வெயினியைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு ஒரு ஆட்டோ பிடிச்சு ஸ்கூலுக்கு வர்றியா? என்ன ஏதுன்னு இப்ப கேக்காதே."

"இந்தா, செருப்பைப் போட்டுட்டேன்" என்றாள் கண்ணாத்தாள்.

கால் மணி நேரத்தில் ஆட்டோ வந்தது. கேட்டுக்கு வெளியிலேயே சுடர்விழி விஷயத்தை இரண்டு வரியில் சொன்னாள். கண்ணாத்தாள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. படியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த ஐயாவுவிடம் போனாள். "உங்க பொண்ணுகிட்ட நான் கொஞ்சம் பேசட்டுங்களா?" என்று கேட்டாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா புங்கமரத்தடிக்குப் போவதைச் சுடர்விழி பார்த்துக்கொண்டே நின்றாள். பெஞ்சுக்கு இரண்டு அடி முன்னால் கண்ணாத்தாள் நின்றுவிட்டாள். கிட்டே போகவில்லை. குனிந்து ஏதோ கேட்டாள்.

அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை. கண்ணாத்தாள் அவசரப்படாமல் நின்றாள். மறுபடியும் ஏதோ சொன்னாள், இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக.

என்ன சொன்னாள் என்று இங்கே காதில் விழவில்லை. ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போன பிறகு, கலைமகள் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.